"சும்மா இடுப்பு வலிதாங்க"

எங்கள் பக்கத்துப் பெண்கள் புறநோயாளிப் பிரிவில் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொல்வது உடம்பு அசதி. அடுத்து, "சும்மா இடுப்பு வலிதாங்க." ஒரு சத்து ஊசி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கிற நேரத்தில்தான் குரலைத் தாழ்த்தி, "வெள்ளையும் படுதுங்க டாக்டரம்மா" என்பார்கள். அதைச் சொல்லத்தான் அத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருப்பார்கள். கொங்கு மண்டலத்துத் தாலுகா மருத்துவமனைகளில் மகளிர் மருத்துவராகவே என் பணிக்காலம் கழிந்தது. நோயாளி அறையை விட்டுப் போகிறவரை பேனாவை மூடக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

வெள்ளைப்படுதல் எல்லாமே நோய் அல்ல. மாதத்தின் நடுவில் வரும் தெளிந்த கசிவு இயல்பானது. நம் ஊரில் இதற்குச் சூடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது என்று நம்பி இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. இளநீரால் கெடுதல் இல்லை. கெடுதல் எல்லாம் காத்திருப்பதில்தான். ஏனென்றால் வெள்ளைப்படுதலோடு அடிவயிற்று வலியும் சேர்ந்தால் அங்கே இடுப்புக்குழி அழற்சி இருக்கக்கூடும். சீட்டில் நாங்கள் பி.ஐ.டி. என்று எழுதுவது இதைத்தான்.

கர்ப்பப்பை வாயில் கெட்டியான சளி ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும். கீழே உள்ள கிருமிகளை அது மேலே விடாது. மாதவிலக்கின்போது அந்தக் காவல் தளரும். பிரசவத்துக்குப் பின், கருக்கலைப்புக்குப் பின், காப்பர்-டி போட்ட சில நாட்களில், இப்படிச் சில சமயங்களில் கிருமி மேலே ஏறிவிடும். முதலில் கர்ப்பப்பையின் உட்சவ்வு, பிறகு இரு பக்கமும் போகும் கருக்குழாய்கள், பிறகு சினைப்பை, கடைசியில் வயிற்றின் உள்ளுறை என்று புண்ணாக்கிக்கொண்டே போகும். கிளமிடியா, கொனோரியா இரண்டும் உடலுறவு வழியாக வருபவை. அதிகம் பேசப்படுபவையும் இவைதான். ஆனால் நோய் முற்றி வரும் பெண்களைச் சோதித்தால் பாதிக்கும் குறைவானவர்களிடம்தான் இவை அகப்படுகின்றன. மற்றவர்களுக்குப் பெண்ணுறுப்பில் வழக்கமாகவே குடியிருக்கும் கிருமிகள் சமநிலை குலைந்து மேலே ஏறியிருக்கும். இந்த விவரத்தை நான் மாணவிகளிடம் அழுத்திச் சொல்வேன். பி.ஐ.டி. என்று சீட்டில் எழுதுவது ஒரு பெண்ணின் நடத்தைக்குச் சான்றிதழ் எழுதுவது ஆகாது.

வலியைச் சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்டால் ஒரு பழைய ஆய்வை எடுத்துக் காட்டுவேன். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண்ணோய் இருந்தது. அதற்கு முன் ஒரு தடவையாவது அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே. பெண் என்றால் இடுப்பு வலி இருக்கத்தான் செய்யும் என்று தாயும் மாமியாரும் சொல்லிச் சொல்லி, வலி ஒரு நோயாகவே கணக்கில் வராமல் போய்விட்டது. எங்கள் மருத்துவமனை வரிசையில் நான் பார்த்ததும் அதையேதான்.

இந்த நோயைக் கண்டுபிடிப்பது கையும் கண்ணும்தான். முதலில், "ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க கண்ணு" என்று ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து அனுப்புவோம். அந்தச் சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்யாமல் அடிவயிற்று வலிக்காரப் பெண் யாரையும் மேற்கொண்டு தொட மாட்டேன். குழாயில் தங்கிய கர்ப்பமும் இதே வலியோடுதான் வரும். அது வெடித்தால் உயிர் போகும். பிறகு திரைக்குப் பின்னால் மேசை. செவிலியர் அக்கா தலைமாட்டில் நின்று, காலை மடக்கி மூச்சை நன்றாக விடச் சொல்வார். ஸ்பெகுலம் வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்போம். சிவந்திருக்கிறதா, சீழ் தெரிகிறதா, பஞ்சு பட்டதும் ரத்தம் கசிகிறதா? அதை எடுத்துவிட்டு இரண்டு விரல் உள்ளே, மறு கை அடிவயிற்றின் மேல் வைத்து, கர்ப்பப்பை வாயை விரல்நுனியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல அசைப்போம். அந்த நேரத்தில் மருத்துவரின் கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். நலமாக உள்ள பெண்ணுக்கு அது கூச்சமாக இருக்குமே தவிர வலிக்காது. அழற்சி இருந்தால் கண்ணோரம் சுருங்கும். கால் கட்டைவிரல் மடங்கும். வாய் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும் இடுப்பு மேசையை விட்டுத் தானாக எழும்பும். கர்ப்பப்பை வாயை அசைக்கும்போதோ, கர்ப்பப்பையை அழுத்தும்போதோ, பக்கவாட்டில் சினைப்பை இருக்குமிடத்தைத் தொடும்போதோ இந்த வலி வந்து, வலிக்கு வேறு காரணமும் தென்படவில்லை என்றால் அன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். லேப் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஸ்கேன் மேல் நம் மக்களுக்கு உள்ள நம்பிக்கையைத் தாண்டி வருவதுதான் பெரும்பாடு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி மாமியாரோடு வந்தாள். விலக்கு நின்று நாலைந்து நாளில் அடிவயிறு இரண்டு பக்கமும் கடுத்திருக்கிறது. மெடிக்கலில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்றரை ஷிப்ட் நின்றிருக்கிறாள். காய்ச்சல் லேசாக இருந்தது. பரிசோதனை முடிந்ததும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினேன்.

"ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு போட்டிருக்குதுங்களே" என்று மாமியார் உறையை நீட்டினார்.

"சீழ் கட்டினாத்தானுங்க அம்மா ஸ்கேன்ல தெரியும். கட்டுறதுக்கு முன்னாடியே மருந்து போடணும்."

"வேலைக்குப் போலாமுங்களா?" என்றாள் பெண். அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

குடல்வாலாக இருக்குமோ என்ற சந்தேகமும் அவர்களுக்கு இருந்தது. குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் இறங்கும், சாப்பாடு இறங்காது. பி.ஐ.டி. வலி அடிவயிறு முழுக்க, பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும்; விலக்கை ஒட்டித் தொடங்குவதும் அடிக்கடி நடப்பது. இரண்டையும் பிரிக்க முடியாதபோது வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் சேர்த்துக் கவனிப்பதே சரி. கர்ப்பிணி, வாந்தியால் மாத்திரை தங்காதவர், கடும் காய்ச்சல்காரர், சீழ் கட்டியவர் ஆகியோரையும் அப்படித்தான் சேர்த்துக்கொள்வோம். மற்றவர்கள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம்.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கு நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் உண்டு. அடிவயிற்று வலிக்கு மஞ்சள் பொட்டலம். செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம் ஒரே வேளை. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராமும் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராமும் காலை, இரவு என 14 நாள். சில இடங்களில் செஃபிக்ஸிமுக்குப் பதில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள். நல்ல மருந்துகள், மலிவான மருந்துகள். ஆனால் 14 நாள் என்பது உழைக்கும் வீட்டில் நீண்ட காலம். மூன்றாம் நாள் வலி குறைந்துவிடும். நாலாம் நாள் மாத்திரை அலமாரியில் கிடக்கும். டாக்ஸிசைக்ளினை வெறும் வயிற்றில், ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் நெஞ்சு எரியும். அதற்காகவே விட்டவர்கள் பலர். மெட்ரோனிடசோல் வாயை இரும்புபோல் கசக்கவைக்கும். அதனால் மாத்திரை கொடுக்கும்போதே இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். வாய் கசந்தால் பயப்படாதீர்கள். மூன்றாம் நாள் கட்டாயம் திரும்பி வந்து காட்டச் சொல்வேன். அதற்குள் குறையவில்லை என்றால் நோயை வேறு விதமாக யோசிக்க வேண்டும், அல்லது வார்டில் சேர்க்க வேண்டும்.

பொட்டலத்தில் பாதி வேலைதான் முடிகிறது. மீதி வேலை கணவரிடம். அவருக்குச் சாம்பல் நிறப் பொட்டலம்: அசித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம், இரண்டும் ஒரே வேளை. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு அவரை வரவழைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் சொன்ன அந்தப் பெண்ணின் கணவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். மறுநாள் வந்தார், வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்களே மேடம்."

"தொந்தரவு தெரியாம ஆம்பளைங்க உடம்புல இது இருக்குமுங்க. இவங்களுக்கு மட்டும் மருந்து குடுத்தா, அடுத்த மாசமே திரும்ப வந்துரும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது? கிளமிடியா அறிகுறியே காட்டாமல் மாதக்கணக்கில், சிலரிடம் அதற்கும் மேலாக உடம்பில் தங்கியிருக்கும். ஆகவே எப்போது வந்தது, யார் மூலம் வந்தது என்று இந்த மேசையில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது; சில பெண்களுக்கு இது உடலுறவு வழியாக வந்ததே இல்லை. இதைச் சொன்னேன். மாத்திரையை என் முன்னாலேயே விழுங்கினார். மருந்து முடிந்து இருவருக்கும் குணமாகும்வரை சேர்ந்திருக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். கணவரைத் திட்டுவதோ பெண்ணைச் சந்தேகப்படுவதோ வேலையைக் கெடுக்கும். குடும்பம் உடைந்துபோகுமோ என்ற பயம் இருந்தால் இருவருமே அடுத்த தடவை வர மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். கருக்குழாய் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். கர்ப்பப்பைச் சுவருக்குள் அது நுழையும் இடத்தில் உள்துவாரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே படர்ந்திருக்கும் நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து கருவைக் கர்ப்பப்பைக்கு நகர்த்துகின்றன. அழற்சி அந்த மயிர்களை உதிர்க்கிறது, சவ்வை ஒட்டவைக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லும். விழுந்த தழும்பை அது எடுக்காது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் லார்ஸ் வெஸ்ட்ரோம் என்ற மருத்துவர், லேப்ராஸ்கோப்பியில் நோய் உறுதியான 1,844 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1992-ல் வெளியிட்ட கணக்கு எனக்கு மனப்பாடம். ஒரு தடவை வந்தவர்களில் 8 சதவீதம் பேருக்குக் குழாய் அடைத்துக் குழந்தை இல்லாமல் போயிற்று. இரண்டு தடவை வந்தவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம். மூன்றும் அதற்கு மேலும் என்றால் 40. அதே பெண்களை வைத்து அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, வலி தொடங்கி மூன்று நாளுக்குள் சிகிச்சைக்கு வராதவர்களுக்குக் குழந்தையின்மையும் குழாய்க் கர்ப்பமும் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று காட்டியது. ஷிப்ட் முடியட்டும், சம்பள நாள் வரட்டும், ஊர்த் திருவிழா போகட்டும் என்று தள்ளிப்போடும் நாட்களின் விலை இதுதான்.

அந்த விலையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழந்தைக்காக ஆண்டுக்கணக்கில் கோயில் குளம் சுற்றிவிட்டு வரும் பெண்ணுக்கு லேப்ராஸ்கோப்பி செய்யும்போது, கர்ப்பப்பை வாய் வழியாக நீலச் சாயம் செலுத்துவார்கள். குழாய் திறந்திருந்தால் அதன் நுனியில் நீலம் சொட்டி வயிற்றுக்குள் பரவும். அடைத்திருந்தால் குழாய் நீலமாக உப்பும், ஆனால் ஒரு சொட்டும் வராது. திரையைப் பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கமாவது சொட்டாதா என்று அறையில் உள்ள அத்தனை பேரும் காத்திருப்போம். அப்படி ஒரு பெண்ணிடம் பிறகு நிதானமாகக் கேட்டபோது, கல்யாணமான புதிதில் ஒரு கரு கலைந்து, அதற்குப் பின் பத்துப் பதினைந்து நாள் காய்ச்சலும் வயிற்று வலியுமாகக் கிடந்ததைச் சொன்னாள். கஷாயம் கொடுத்தார்களாம். யாரும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவில்லை.

இந்த அழற்சி கல்லீரல் வரைக்கும் போகும் என்பதைப் பல மருத்துவர்களே மறந்துவிடுகிறார்கள். ஆர்தர் கர்ட்டிஸ் 1930-லும் தாமஸ் ஃபிட்ஸ்-ஹியூ 1934-லும் எழுதியது அது. கல்லீரலின் மேலுறைக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையில் தந்தி கட்டினாற்போல் மெல்லிய ஒட்டல்கள் உண்டாகும். மூச்சை ஆழ இழுத்தால் வலது விலாவின் கீழ் சுருக்கென்று குத்தும். பித்தப்பைக் கல் என்று தேடி அலைந்து கல்லே இல்லாமல் கடைசியில் மகளிர் பிரிவுக்கு வந்த பெண்கள் இருக்கிறார்கள். வலது விலாவில் வலி என்று இளம்பெண் வந்தால் வெள்ளைப்படுதல் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

நம் நாட்டில் காசநோயைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. நுரையீரலில் இருந்து ரத்தம் வழியாகக் கருக்குழாய்க்குப் போய் உட்காரும் காசம், பலருக்கு வலியே தராது. விலக்கு அளவு குறைந்துகொண்டே வரும், குழந்தை தங்காது, அவ்வளவுதான் தெரியும். ஆறு மாத மருந்து அரசு இலவசமாகத் தருகிறது. சின்ன வயதில் மருந்து சாப்பிட்டதைப் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மறைத்துவைத்த பெண்களிடமிருந்து அதை வெளியே வாங்கத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கும்.

இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று காப்பர்-டியின் மேல் ஒரு வீண் பழி உண்டு. 1970-களில் அமெரிக்காவில் விற்ற டால்கன் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனத்தின் நூல் பல இழைகளை உறைக்குள் வைத்தது. கிருமி அந்த இழை வழியே மேலே ஏறியது. 1974-ல் விற்பனை நின்றது. இன்றைய காப்பர்-டியின் நூல் ஒற்றை இழை. போட்ட முதல் மூன்று வாரம் கவனமாக இருக்க வேண்டும். அதன் பிறகு தொற்று அபாயம் மிகக் குறைவு. அழற்சி வந்தாலும் உடனே அதைப் பிடுங்க வேண்டியதில்லை. மருந்தைத் தொடங்கி மூன்று நாள் பார்க்கலாம்.

உள்ளே விட்டுக் கழுவும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். கிருமிநாசினியும் சோப்பும் பெண்ணுறுப்பின் நல்ல கிருமிகளைக் கொன்று, கெட்டவற்றுக்கு இடம் கொடுக்கின்றன. வெளியே வெறும் தண்ணீர் போதும்.

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. முப்பது, முப்பத்தைந்து வயதில் திரும்பத் திரும்ப வலியோடும் வெள்ளைப்படுதலோடும் போகும் பெண்ணிடம், கர்ப்பப்பை கெட்டுப்போச்சு, எடுத்துவிடலாம் என்று சொல்வது. குழந்தை பெற்றாயிற்று, இனி அது எதற்கு என்று வீட்டிலும் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் கூலிப் பெண்கள் இப்படிக் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை இழந்தது 2019-ல் நாடெங்கும் செய்தியானது. தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. மஞ்சள் பொட்டலத்தில் தீர வேண்டிய நோய்க்குக் கத்தி எடுப்பது அநியாயம். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் நாற்பதுக்கு முன்பே எலும்பு தேயத் தொடங்கும், உடம்பு தகிக்கும். கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கம்பெனி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறீர்கள், அந்த அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போக அரை நாள் விடுப்பும் கொடுங்கள். அடிவயிற்று வலி என்று ஒரு பெண் சூப்பர்வைசரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. உடம்பு சரியில்லை என்று சொன்னால் அதுவே போதுமான காரணமாக இருக்கட்டும்.

பெண்களுக்கு: அடிவயிற்று வலியோடு காய்ச்சலோ, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதலோ, இடையில் ரத்தக்கசிவோ, கணவரோடு சேரும்போது வலியோ இருந்தால் மூன்று நாள் தாண்ட விடாதீர்கள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிச் சமாளிக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்று பலகை இருக்கும் இடத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சொன்னது வெளியே போகாது. மனைவியைக் கூட்டிவரும் கணவர்கள் தயவுசெய்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிடாதீர்கள். உள்ளே வாருங்கள், உங்களுக்கும் மருந்து உண்டு.